மூச்சைக் கவனித்தால் தூக்கம் வருகிறதே!

கேள்வி: வேலை முடிந்து இரவு ஒன்பதரைக்குத் தியானத்தில் உட்காருகிறேன். பத்தே நிமிடத்தில் தலை தொங்கிவிடுகிறது. கவனிக்க வேண்டியது மூக்கு நுனியையா, வயிற்றையா?
- வாசகர், ஈசூன்

பதில்: இரண்டாவதை முதலில் முடித்துவிடலாம். விழிப்புணர்வு பற்றிய புத்தரின் உரையான ‘சதிபட்டான சுத்த’த்தில் மூக்கும் இல்லை, வயிறும் இல்லை. நீண்ட மூச்சை நீண்டது என்றும், குறுகியதைக் குறுகியது என்றும் அறியச் சொல்கிறது. மூக்கு நுனியும் மேலுதடும் பிற்காலத் தியான நூலான விசுத்திமக்கத்தில் வருபவை; வயிறு எழுந்து தாழ்வதைக் கவனிப்பது பர்மாவின் பௌத்தத் துறவி மகாசி சயாடோ பரப்பிய முறை. ஒன்றை எடுத்து மூன்று மாதமாவது மாற்றாதீர்கள்.

தூக்கம்தான் பெரிய விஷயம். பாலியில் இதற்கு ‘தீனமித்தம்’ என்று பெயர். தியானத்துக்கு இடையூறாகப் பௌத்தம் சொல்லும் ஐந்து தடைகளில் ஒன்று. மூச்சு நுட்பமாகும்போது கவனமும் அதே அளவு கூர்மையாக வேண்டும். ஆகாவிட்டால் மனம் மங்கும். அந்த மங்கலை அமைதி என்று பலர் நம்பிவிடுகிறார்கள்!

தலையசைந்து தூங்கிய தம் சீடர் மொகல்லானருக்குப் புத்தர் படிப்படியாக வழி சொல்கிறார்: காது மடலை இழுத்துவிடு, கைகால்களைத் தேய், எழுந்து கண்களை நீரால் கழுவு, வெளிச்சத்தை மனத்தில் கொள், முன்னும் பின்னும் நட. எதுவும் பலிக்காவிட்டால் வலப்பக்கமாகப் படுத்துக்கொள்.

உங்களுக்கு: சாப்பிட்ட உடனே உட்காராதீர்கள். விளக்கை அணைக்க வேண்டாம். முதல் 15 நிமிடம் வரவேற்பறையில் பத்துப் பன்னிரண்டு அடி தூரம் நடந்து, பாதம் தூக்குவது, நகர்வது, வைப்பது மூன்றையும் கவனியுங்கள். (புளோக் நடைபாதை வேண்டாம், அண்டைவீட்டார் பயந்துபோவார்கள்.) பிறகு 20 நிமிடம் உட்காருங்கள். அப்போதும் கண் சொக்கினால் அது வெறும் உடல் அசதி. போய்த் தூங்குங்கள், தியானத்தை விடியற்காலைக்கு மாற்றுங்கள்.