சாம்பலா, பழுப்பா?

மதிப்பிற்குரிய ஐயா,

அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய சிறுவர் நூல் ஒன்றுக்குப் படம் வரைந்து வருகிறேன். வடக்கு நீலம், தெற்கு சாம்பல் என்று வைத்துக்கொண்டு பாதிப் படங்களை முடித்துவிட்டேன். இப்போது பார்த்தால் அருங்காட்சியகங்களில் இருக்கும் தெற்குச் சட்டைகள் பலவும் பழுப்பாக இருக்கின்றன. எது சரி? நிறம் இப்படியென்றால் போர்க்களத்தில் ஆள் மாறிச் சுடவில்லையா? தெற்கு வீரர்களைக் கந்தலும் வெறுங்காலுமாகக் காட்டுகிறார்களே, அதை நம்பலாமா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

சாம்பலும் சரி, பழுப்பும் சரி. இன்று பழுப்பாகத் தெரியும் சட்டைகளில் சில, தைத்த நாளில் சாம்பலாக இருந்தவை. மற்றவை தொடக்கத்திலிருந்தே பழுப்பு. எல்லாம் சாயத்தின் வேலை.

வடக்கின் நீலம் அவுரி நீலம். அவுரி தண்ணீரில் கரையாது. காரத் தொட்டியில் புளிக்க வைத்து மஞ்சள் கலந்த பச்சைக் கரைசலாக்க வேண்டும். அதில் கம்பளியை முக்கி எடுத்துக் காற்றில் பிடித்தால், இழைக்குள்ளேயே மறுபடி நீலமாகித் தங்கிவிடும். வெயிலிலும் மழையிலும் எளிதில் போகாது. பலமுறை முக்கினால் கருநீலம், குறைத்து முக்கினால் வெளிர்நீலம். 1861 டிசம்பரில் வந்த உத்தரவுதான் கால்சட்டையை வெளிர்நீலமாக்கியது. அதற்கு முன் விதிப்படி அதுவும் கருநீலமே. உங்கள் படம் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று முதலில் பாருங்கள்.

தெற்கின் கதை வேறு. அங்கே பெரும்பாலும் ஜீன் துணி. நீளவாட்டில் ஓடும் பாவு இழை பருத்தி, குறுக்கே ஓடும் ஊடை இழை கம்பளி. சாய்வரி நெசவு என்பதால் வெளிப்பக்கம் கம்பளிதான் தெரியும். முழங்கையும் மணிக்கட்டும் தேயத் தேயக் கம்பளி உதிர்ந்து, சாயமேறாத பருத்தி இழை வெள்ளைக் கோடுகளாக எட்டிப் பார்க்கும். பழைய சட்டை என்று காட்ட ஒட்டுப்போட வேண்டியதில்லை, அந்தக் கோடுகளை வரைந்தாலே போதும்.

சாம்பலுக்கு லாக்வுட் என்ற மரத்தின் சாயத்தை இரும்பு உப்போடு சேர்த்தார்கள். தொட்டியிலிருந்து எடுக்கும்போது நல்ல சாம்பல்தான். சில மாதங்கள் வெயிலில் நடந்தால் மண் நிறத்துக்குத் திரும்பிவிடும். வீட்டுத் தறிகளில் நெய்தவர்கள் பட்டர்நட் மரத்தை நம்பினார்கள். வால்நட் இனம். அதன் பட்டையையும் காய்த்தோலையும் கொதிக்கவைத்து வடிகட்டி, நூலைப் போட்டு மெல்ல வேகவிட்டு, கடைசியில் அன்னபேதி என்ற இரும்பு உப்பைச் சேர்ப்பார்கள். நிறம் இருளும். அன்னபேதி கூடிப்போனால் கம்பளி முரடாகி ஒடிய ஆரம்பிக்கும். ஒரு தொட்டி மஞ்சள் பழுப்பாகவும் அடுத்த தொட்டி காப்பிப் பொடி நிறமாகவும் வரும். ஆகவே ஒரே வரிசையில் நிற்கும் பத்துப் பேருக்கு ஒரே பழுப்பைப் பூசாதீர்கள். வடக்கத்தியர் எதிரிக்கு வைத்த பெயரே ‘பட்டர்நட்’.

போரின் பிற்பகுதியில் மறுபடி மாற்றம். தெற்குத் துறைமுகங்களை வடக்கு அடைத்த கடல் முற்றுகையைத் தாண்டி இங்கிலாந்திலிருந்து நீலச்சாம்பல் கம்பளித் துணி வந்தது. அயர்லாந்தில் லிமெரிக் நகரத்துப் பீட்டர் டெயிட் தைத்தே அனுப்பினார். 1864–65இல் வர்ஜீனியாவில் தெற்குத் தளபதி லீயின் படையை வரைந்தால் இந்த நீலச்சாம்பலைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

ஆள் மாறியது நிஜம். 1861 ஜூலை 21, புல் ரன் சண்டை. அப்போது இரு பக்கமும் உள்ளூர்ப் படைகள் தங்கள் சொந்தச் சீருடையில் வந்திருந்தன. ஹென்றி குன்றில் நீலம் அணிந்து நெருங்கிய தெற்கின் 33ஆம் வர்ஜீனியா படையை, துணைக்கு வரும் தம் ஆட்கள் என்று வடக்குப் பீரங்கி அதிகாரி எண்ணிச் சுட வேண்டாம் என்றார். அவர்கள் கிட்டத்தில் நின்று சுட்டுப் பீரங்கிகளைப் பிடித்தார்கள். அதே நாளில் வடக்கின் 2ஆம் விஸ்கான்சின் படை சாம்பலில் இருந்ததால் தம் தரப்பாரிடமே குண்டு வாங்கியது. 1862 செப்டம்பரில் ஹார்ப்பர்ஸ் ஃபெரியைப் பிடித்த தெற்குத் தளபதி ஏ.பி. ஹில்லின் ஆட்கள், அங்கே கிடைத்த புது நீல உடைகளை மாட்டிக்கொண்டு ஆன்டீட்டம் களத்துக்கு வந்தபோதும் இதே குழப்பம். அந்தக் காட்சி நூலில் இருந்தால், தெற்கு வரிசையில் சில நீலச் சட்டைகள் இருக்கட்டும்.

கந்தல் விஷயத்தில் நீங்கள் சந்தேகப்படுவது நியாயம். 1861இல் தெற்கு அரசு உடை தரவில்லை. வீரர்களே உடுத்தி வர வேண்டும், அதற்குப் பணம் தரப்படும். 1862இன் இறுதியில் அது நின்று, ரிச்மண்ட் போன்ற ஊர்களின் கிடங்குகள் தைத்துக் கொடுக்கத் தொடங்கின. பெயரில் வடக்கு இருந்தாலும் தெற்குத் தரப்பில் நின்ற வடக்கு கரோலினா மாநிலம் தன் படைகளுக்குத் தானே உடை கொடுத்தது. ஆளுநர் வான்ஸ் வெளிநாட்டுத் துணி கொண்டுவரக் கப்பலே வைத்திருந்தார். ஒரு படைக்குக் கிடைத்தது பக்கத்துப் படைக்குக் கிடைக்காமல் போனதுதான் அங்கே பெரிய கோளாறு. எல்லாரையும் பிச்சைக்காரர்களாக வரைவது அவர்களுக்கும் அவர்களுக்குத் தைத்துக் கொடுத்த பெண்களுக்கும் செய்யும் அநியாயம். வடக்கிலும் முதல் ஆண்டில் கழிவுக் கம்பளியை அரைத்து அழுத்திய ‘ஷாடி’ துணியில் தைத்த சட்டைகள் மழையில் பிரிந்து தொங்கின.

உடை வெட்டித் தைத்த விதத்தையும் கவனியுங்கள். வடக்கு வீரனின் அன்றாடச் சட்டை நான்கு பித்தான், தொளதொள, இடுப்புக்குக் கீழே இறங்கும். ரிச்மண்ட் சட்டை இடுப்போடு நிற்கும் குட்டைச் சட்டை. இரு தரப்பிலும் கால்சட்டையில் பெல்ட் வளையம் கிடையாது, தோள்பட்டி வார்தான். இஸ்திரி மடிப்புக் கோடு போட்டுவிடாதீர்கள். தோட்டாப் பெட்டி வலது இடுப்பில், 40 தோட்டா கொள்ளும். சோற்றுப் பையும் தண்ணீர்க் குப்பியும் இடது பக்கம். வடக்கின் குப்பி துணி சுற்றிய தகரம், தெற்கில் மரக்குப்பியும் உண்டு. அதிகாரியின் பதவிக் குறி வடக்கில் தோளில், தெற்கில் கழுத்துப்பட்டையில்.

வெறுங்காலை 1862 செப்டம்பர் மேரிலாந்து படையெடுப்புக் காட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். செருப்பில்லாமல் கல் பாவிய சாலையில் நடக்க முடியாமல் அப்போது ஏராளமானோர் பின்தங்கினார்கள். அந்தக் காலில் புண் இருக்க வேண்டும்.