பழைய லேப்டாப்பில் 2டி கேம்: எந்த இலவச எஞ்சின்?

கேள்வி: பைத்தான் ஓரளவு தெரியும். லேப்டாப்பில் 8 ஜிபி ராம். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. நண்பனும் நானும் வார இறுதிகளில் ஒரு 2டி பிளாட்ஃபார்மர் (தாவிக் குதித்து முன்னேறும் வகை) கேம் செய்யப் போகிறோம். நன்றாக வந்தால் விற்கவும் ஆசை. கேம் உருவாக்கும் மென்பொருள்களான (எஞ்சின்) யூனிட்டி, அன்ரியல், கோடோ மூன்றில் எதை எடுப்பது? பின்னால் காசு கேட்பார்களா?

பதில்: கோடோ. உங்கள் லேப்டாப்புக்கும் நீங்கள் செய்ய நினைக்கும் கேமுக்கும் அதுதான் பொருத்தம்.

முதலில் காசு விஷயம். மூன்றையும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், ஆனால் நிபந்தனைகள் வேறு வேறு. அன்ரியலில் ஒரு கேமின் மொத்த வருவாய் 10 லட்சம் டாலரைத் தாண்டினால், அதற்கு மேல் வருவதில் 5 சதவீதம் ராயல்டி. யூனிட்டியின் இலவசப் பதிப்பு ஆண்டு வருவாய் 2 லட்சம் டாலர் வரைதான். முதல் கேமில் இந்த எல்லைகளைத் தொட்டால் அது சந்தோஷமான பிரச்சினை! நான் யோசிப்பது வேறு: விதிகளை நிறுவனம் நடுவில் மாற்றலாம். 2023 செப்டம்பரில் யூனிட்டி, கேம் நிறுவப்படும் எண்ணிக்கையை வைத்துக் கட்டணம் வாங்கப்போவதாக அறிவித்தது. பெரிய எதிர்ப்பு கிளம்பி, ஓராண்டு கழித்துத்தான் அதை முழுதாகக் கைவிட்டார்கள். கோடோ, எம்ஐடி என்ற தாராளமான உரிமத்தில் வரும் திறமூல (நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) மென்பொருள். எவ்வளவு விற்றாலும் யாருக்கும் பங்கு தர வேண்டாம். அந்த உரிம வாசகத்தை மட்டும் கேமுக்குள் எங்காவது சேர்த்துவிடுங்கள்; பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்து லேப்டாப். அன்ரியல் 5 உங்கள் லேப்டாப்பில் படாத பாடு படுத்தும். 2டி-க்கு அது தேவையும் இல்லை. யூனிட்டி ஓடும், ஆனால் திறக்கவே காத்திருக்க வேண்டும். கோடோவை நிறுவக்கூட வேண்டாம், ஜிப்பை விரித்து நேரே ஓட்டலாம். புது புராஜெக்ட் தொடங்கும்போது எந்த ரெண்டரர் (படத்தைத் திரையில் வரையும் பகுதி) வேண்டும் என்று கேட்கும். 'கம்பாட்டிபிலிட்டி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அது ஓபன்ஜிஎல் என்ற பழைய கிராபிக்ஸ் முறையில் ஓடுவதால் பழைய கணினிகளும் தாங்கும்.

கோடோவின் சொந்த மொழியான ஜிடிஸ்கிரிப்ட் பார்க்கப் பைத்தான் சாயலில் இருக்கும், உங்களுக்குச் சீக்கிரம் கைவரும். சி ஷார்ப் மொழியிலும் எழுதலாம்தான். ஆனால் கோடோ 4-இல் சி ஷார்ப் புராஜெக்டை வெப் கேமாக வெளியிட முடியாது. இன்னொரு வசதி: கோடோ கேமின் காட்சிகளைச் சேமிக்கும் கோப்புகள் சாதாரண எழுத்துக் கோப்புகள். மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் (Git) என்ற கருவியை வைத்து இருவர் வேலை செய்யும்போது யார் எதை மாற்றினார்கள் என்பது வரி வரியாகத் தெரியும்.

குறை இல்லாமல் இல்லை. ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் போன்ற கன்சோல்களுக்கு நேரடி ஏற்றுமதி கிடையாது. அதற்கென்று இருக்கும் நிறுவனங்களிடம் பணம் கொடுத்துப் போர்ட் செய்ய (அந்தக் கன்சோலில் ஓடும்படி மாற்ற) வேண்டியிருக்கும். பெரிய 3டி கேம் என்றால் நானே அன்ரியலைச் சொல்லியிருப்பேன். கதையும் வசனமும் மட்டுமே என்றால் ரென்பை என்ற எஞ்சின் போதும். கேம்மேக்கரும் 2டி-க்கு நல்லதுதான், ஆனால் விற்பதற்கு உரிமம் வாங்க வேண்டும்.

அப்புறம், யூடியூப்பில் பாடம் தேடும்போது பதிப்பு எண்ணைப் பாருங்கள். 2023-இல் வந்த கோடோ 4 பழைய பெயர்கள் பலவற்றை மாற்றிவிட்டது. பிளேயருக்கு 'கினமாட்டிக்பாடி2டி' என்ற நோடை (கேமைக் கட்டும் உறுப்பு) சேர்க்கச் சொன்னால் அது கோடோ 3 காலத்துப் பாடம். இப்போது அதன் பெயர் 'கேரக்டர்பாடி2டி', பிளேயரை நகர்த்தும் 'மூவ் அண்ட் ஸ்லைட்' கட்டளையை அழைக்கும் விதமும் வேறு. அந்த வீடியோவை மூடிவிட்டு வேறொன்றைத் தேடுங்கள்.