ஓட்டுக் கேட்கக் கிளம்புகிறவர்களுக்கு: கேளுங்கள், சொல்கிறேன்

கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரன் நான். எல்லா ஜனத்தையும் சேர்த்துப் பேசுகிற வேட்பாளர்களுக்காக நாலு தேர்தலில் சம்பளமில்லாமல் அலைந்திருக்கிறேன். கட்சிப் பெயரை மட்டும் கேட்காதீர்கள்.

அண்ணா, எனக்கு ஓட்டு கடலூரில். பாகூர் தொகுதியில் வேலை செய்யலாமா?

தாராளமாக. முள்ளோடையைத் தாண்டினால் புதுச்சேரி, அவ்வளவுதானே. ஆனால் வாக்குப்பதிவு முடிகிற நேரத்துக்கு 48 மணி நேரம் முன்பே பிரசாரம் நின்றுவிடும், அதோடு அந்தத் தொகுதியில் ஓட்டு இல்லாத ஊழியர்கள் கிளம்பிவிட வேண்டும். லாட்ஜ், கல்யாண மண்டபம் எல்லாம் வந்து பார்ப்பார்கள் தம்பி.

ஜாதி பேசாமல் இங்கே ஓட்டு வாங்க முடியுமா? சும்மா கேட்கிறேன்.

ஜாதி, மதம் சொல்லி வேட்பாளர் ஓட்டுக் கேட்டால் அது முறைகேடு, தேர்தலே செல்லாமல் போகலாம். 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, வாக்காளரின் ஜாதி மதமும் இதில் அடங்கும் என்று சொல்லிவிட்டது. அது சட்டம். தெருவில் நடப்பது வேறு: காலனிக்குக் காலனி ஆளையே அனுப்புவார்கள், குப்பத்துக்குக் குப்பத்து ஆள். நாங்கள் கலந்து போனோம். ஒரு வீட்டில் டீ கொடுத்தார்கள், எங்களோடு வந்தவர் "இப்பத்தான் குடிச்சேன்" என்று டம்ளரைத் தொடவே இல்லை. அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை, நோட்டீஸை மட்டும் மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சமத்துவம் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த நோட்டீஸ்! யாரோடு போகிறோம் என்று பார்த்துப் போங்கள்.

எனக்கு மேடையில் பேச வராது.

நல்லது, பேசுகிறவர்கள் ஏற்கனவே அதிகம். வாக்காளர் பட்டியலை எடுத்துக்கொண்டு கடைசித் தெருவில் ஆரம்பியுங்கள். இருளர், நரிக்குறவர் குடும்பங்களில் எத்தனை பெயர் விடுபட்டிருக்கிறது என்று பாருங்கள். புதுப் பெயருக்குப் படிவம் 6, வீடு மாறினால் 8. பதினேழு முடிந்த பிள்ளைகளும் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். தேவனாம்பட்டினம் மாதிரி ஊர்களுக்குப் படகு கரை திரும்பிய பிறகு போங்கள், இல்லாவிட்டால் பாதிப் பேர் கடலில் இருப்பார்கள்.

வயதானவர்களை ஆட்டோவில் பூத்துக்கு அழைத்துப் போகலாமா?

வேட்பாளர் தரப்பு இலவசமாக வண்டி விட்டால் அதுவும் முறைகேடுதான். 85 வயது தாண்டியவர்களும் 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் உள்ளவர்களும் வீட்டிலிருந்தே ஓட்டுப் போடலாம், அதற்குப் படிவம் 12டி. தேர்தல் அறிவிக்கை வந்த ஐந்து நாளுக்குள் கொடுக்க வேண்டும், நம் ஆட்கள் பாதிப் பேர் அதைக் கோட்டை விடுகிறார்கள்.

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரலாமா?

வேண்டாம் அக்கா. வேலைக்கு வினை.

சொந்தக் காசில் நோட்டீஸ் அடிக்கலாமா?

வேட்பாளரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொண்டு அடியுங்கள், செலவு அவர் கணக்கில் ஏறும். அச்சகத்தின் பெயர் முகவரி, வெளியிடுபவர் பெயர் முகவரி இரண்டும் இருந்தே ஆக வேண்டும். அச்சகக்காரர் விட்டுவிட்டாலும் நீங்கள் நின்று போடச் சொல்லுங்கள்.