கெட்டிமேளச் சத்தத்துக்கும் படத்துக்கும் டிஸ்கில் எவ்வளவு இடம்?

கேள்வி: என் மகளின் திருமண வீடியோவை மூன்று மணி நேரப் படமாகத் தொகுத்து, ஒரே டிவிடியில் போட்டுக் கொடுத்தார் ஸ்டூடியோக்காரர். அட்சதை விழும்போதும் கேமரா ஃபிளாஷ் அடிக்கும்போதும் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. பட்டுப் புடவையின் ஜரிகை கரைந்துபோன மாதிரி தெரிகிறது. அவருடைய கம்ப்யூட்டரில் பார்த்தபோது இந்தக் குறை எதுவும் இல்லை. கேட்டால், "உங்க டிவி பெரிசு, அதான் அப்படித் தெரியுது. சத்தத்தைக்கூட சுருக்காம பிசிஎம்லதான் வெச்சிருக்கேன்" என்கிறார். திரும்பச் செய்து தரச் சொல்லலாமா?
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: தாராளமாகச் சொல்லலாம். டிவி பெரியதாக இருந்தால் இருக்கிற குறை பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். உங்கள் டிஸ்கில் படம் உடைவதற்கு முக்கியக் காரணம், அவர் பெருமையாகச் சொன்ன அந்தச் சுருக்காத சத்தம்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். சாதாரண டிவிடி ஒன்றில் 470 கோடி பைட் கொள்ளும். ஒரு பைட்டுக்கு எட்டு பிட், ஆகவே பிட் கணக்கில் 3,760 கோடி. மூன்று மணி நேரம் என்றால் 10,800 விநாடி. வகுத்தால் விநாடிக்குச் சுமார் 3,480 கிலோபிட் (ஒரு கிலோபிட் என்பது ஆயிரம் பிட்) வருகிறது. மெனுவுக்கும், படத்தையும் ஒலியையும் சேர்த்துப் பொதிவதற்கும், விளிம்புவரை நிரப்பாமல் விடுவதற்கும் கொஞ்சம் கழித்தால் 3,340 மிஞ்சும். படம், சத்தம் இரண்டுக்கும் சேர்த்து இவ்வளவுதான் இருக்கிறது.

சுருக்காத ஸ்டீரியோ பிசிஎம் ஒலி தனியாக 1,536 கிலோபிட் எடுத்துக்கொள்ளும். மிச்சம் 1,800தான் படத்துக்கு. பழைய விசிடியில் 352க்கு 288 என்ற சின்னப் படத்துக்கே 1,150 கிலோபிட் கொடுத்தார்கள். டிவிடியின் படம் 720க்கு 576, அதாவது அதைப்போல் நான்கு மடங்கு. டிவிடியில் படத்தைச் சுருக்கும் எம்பெக்-2 முறை விசிடியின் எம்பெக்-1ஐவிட மேம்பட்டதுதான், ஆனாலும் 1,800ல் முழு அளவுப் படத்தைத் தாங்காது. இதற்கு முந்தைய காட்சியிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் எழுதித்தான் இந்த முறை இடத்தை மிச்சப்படுத்துகிறது. மாப்பிள்ளையும் பெண்ணும் அசையாமல் உட்கார்ந்திருக்கும்வரை சமாளித்துவிடும். ஃபிளாஷ் அடித்த நொடியில் மொத்தத் திரையும் மாறுகிறது. அட்சதை விழும்போது நூற்றுக்கணக்கான புள்ளிகள் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் நகர்கின்றன. எழுத வேண்டியது மலைபோல் குவிய, பிட் போதாமல் படம் கட்டங்களாக உடைகிறது. தாலி கட்டும் நேரத்தில்தான் ஃபிளாஷும் அட்சதையும் ஒன்றாக வரும் என்பதால், நீங்கள் மிகவும் விரும்பிப் பார்க்கிற இடமே மோசமாக இருக்கிறது.

அதே சத்தத்தை டால்பி டிஜிட்டல், அதாவது ஏசி-3 முறையில் 192 கிலோபிட்டுக்கு மாற்றியிருந்தால் படத்துக்கு 3,150 கிடைத்திருக்கும். இப்போது இருப்பதைவிட முக்கால் பங்கு அதிகம். கேமராவின் மைக்கில் பதிவான மண்டபச் சத்தத்தில், வீட்டு டிவியின் ஸ்பீக்கர் வழியாக, பிசிஎம்முக்கும் 192 ஏசி-3க்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது மிகக் கடினம். படத்தில் வித்தியாசம் யாருக்கும் தெரியும்.

சத்தத்தை இன்னும் குறைத்தால் படம் இன்னும் நன்றாகுமே என்று சிலர் 128க்கும் 96க்கும் இறங்கிவிடுகிறார்கள். அதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். 192லிருந்து 128க்கு இறங்கினால் மிச்சமாவது 64 கிலோபிட். படத்தின் பங்கில் அது 2 சதவீதம், கண்ணுக்குத் தெரியாது. காதுக்குத் தெரியும்: நாதஸ்வரத்தின் உச்ச ஸ்தாயி கலங்கி ஒலிக்கும், ஜால்ராவின் கணீர் என்ற ஓசை சலசலப்பாகிவிடும். ஆகவே முதலில் ஒலிக்கு 192 ஒதுக்கட்டும். கச்சேரி மாதிரி இசையே முக்கியமான நிகழ்ச்சி என்றால் 224 அல்லது 256 வைக்கலாம். மீதி அத்தனையும் படத்துக்கு.

படத்தையும் "டூ பாஸ் விபிஆர்" முறையில் என்கோட் செய்யச் சொல்லுங்கள். மென்பொருள் ஒருமுறை முழுப் படத்தையும் ஓட்டிப் பார்த்து, எங்கே அதிகம் தேவை, எங்கே குறைவாக இருந்தாலும் போதும் என்று குறித்துக்கொண்டு, இரண்டாவது முறை எழுதும். சராசரி 3,100, உச்சம் 8,000 என்று வைத்தால் போதும். டிவிடி விதிப்படி படம் 9,800 வரை போகலாம், எல்லாம் சேர்ந்து 10,080. ஆனால் நாம் எழுதுகிற டிஸ்க்கில் அந்த எல்லையைத் தொட்டால் பழைய பிளேயர்கள் திக்கித் திக்கி ஓடும்.

இதைவிட நல்ல வழி, முகூர்த்தம் ஒன்று, ரிசப்ஷன் ஒன்று என்று இரண்டு டிஸ்க்காகப் பிரிப்பது. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு டிஸ்க் என்றால் படத்துக்கு 6,400க்கு மேல் கிடைக்கும். ஆயிரக்கணக்கில் செலவழித்து எடுத்த வீடியோவில், ஒரு வெற்று டிஸ்க்கின் விலையை மிச்சம்பிடித்து ஸ்டூடியோக்காரர் என்ன சாதித்தார் என்று எனக்கு உண்மையிலேயே புரியவில்லை.

அவரிடம் பேசுமுன் ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்கைக் கம்ப்யூட்டரில் போட்டு, அதில் படமும் ஒலியும் இருக்கிற பெரிய விஓபி (.VOB) கோப்பை மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் திறந்தால், ஒலி எந்த முறை, படத்தின் பிட்ரேட், அதாவது விநாடிக்கு எத்தனை கிலோபிட், எவ்வளவு என்று காட்டிவிடும். பிறகு முதல் வேலையாக, எடிட் செய்த மூலக் கோப்பை அழித்துவிட வேண்டாம் என்று எழுத்தில் சொல்லுங்கள். வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் போதும். ஹார்ட் டிஸ்க்கில் இடம் வேண்டி இவற்றை அழிக்கிற ஸ்டூடியோக்கள் உண்டு. கோப்பு போய்விட்டால் எந்தச் சட்டமும் அதைத் திருப்பித் தராது. செய்து தர மறுத்தால் அது சேவைக் குறைபாடு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. பில் அல்லது பணம் அனுப்பிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: அட்டையில் 4.7 ஜிபி என்று போட்டிருக்கிறது. கம்ப்யூட்டரில் போட்டால் 4.37 என்றுதான் காட்டுகிறது. ஏமாற்றா?
— ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: இல்லை. டிஸ்க் செய்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. பைட் எண்ணிக்கை ஒன்றேதான். பிட்ரேட் கணக்குக்கு 4.7ஐ எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கிலோபிட்டும் ஆயிரக் கணக்கில்தான் எண்ணப்படுகிறது. இரண்டையும் கலந்தால் கடைசி ஐந்து நிமிடப் படம் டிஸ்க்கில் இடம் இல்லாமல் நிற்கும்.

கேள்வி: அப்பா அம்மா கல்யாண விஎச்எஸ் கேசட்டை நானே கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன். மூன்றரை மணி நேரம் ஓடுகிறது. ஒரே டிவிடியில் போட வழி உண்டா? மென்பொருளில் 5.1 ஒலி, 448 கிலோபிட் என்று ஒரு வசதி இருக்கிறது. அதை வைத்தால் சத்தம் கூடுதல் நன்றாக இருக்குமா?
— ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: 5.1 வேண்டாம். கேசட்டில் பதிவாகியிருப்பது ஒரே மைக்கின் சத்தம், அல்லது அதிகம் போனால் ஸ்டீரியோ. அதை ஆறு சேனலாகப் பிரித்தால் புதிதாக எதுவும் சேராது, 256 கிலோபிட் வீணாவதுதான் மிச்சம். இரண்டு சேனல், 192, ஏசி-3 போதும். எம்பி3யாக வைத்தால் இடம் மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். டிவிடி-வீடியோவில் எம்பி3 ஒலிக்கு இடமே இல்லை. ஒலி 48 கிலோஹெர்ட்ஸில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சிடியின் 44.1 இங்கே ஒத்துவராது.

மூன்றரை மணி நேரத்துக்கு, ஒலி போக 2,650 கிலோபிட் போலக் கிடைக்கும். முழு அளவுப் படத்துக்கு இது குறைவு. ஆனால் கேசட் விஷயத்தில் பலர் கவனிக்காத வழி ஒன்று இருக்கிறது: 352க்கு 576. டிவிடி விதி இந்த அளவையும் அனுமதிக்கிறது. அகலவாக்கில் விஎச்எஸ் பதிவு செய்யும் நுணுக்கம் ஏறக்குறைய 240 கோடுதான் என்பதால், அகலத்தைப் பாதியாக்கினாலும் பெரிதாக எதுவும் போகாது. எழுத வேண்டிய புள்ளிகள் பாதியாவதால், இருக்கிற பிட் தாராளமாகப் போதும். உயரத்தை 576லிருந்து குறைத்துவிடாதீர்கள், அசைவுகள் வெட்டி வெட்டித் தெரியும். கேசட்டின் புள்ளி இரைச்சலையும் மெல்லிதாக ஒரு ஃபில்டர் போட்டுக் குறையுங்கள். அந்த இரைச்சல் ஒவ்வொரு காட்சியிலும் மாறிக்கொண்டே இருப்பதால், முகங்களுக்குப் போக வேண்டிய பிட்டை அதுவே தின்றுவிடும். முகம் மெழுகுபோல் ஆகிற அளவுக்குப் போட்டுவிட வேண்டாம்.

கேள்வி: நான் வீடியோகிராபர். நீங்கள் சொல்கிற மாதிரி ஏசி-3க்கு மாறினால் வாடிக்கையாளர்கள் "சத்தம் கம்மியா இருக்கு" என்கிறார்கள். 448க்கு ஏற்றிப் பார்த்தும் அப்படியேதான் இருக்கிறது. பிசிஎம்முக்கே திரும்பிவிடலாமா?
— ஒரு வாசகர், ஈரோடு

பதில்: திரும்ப வேண்டாம். ஒலியின் அளவுக்கும் பிட்ரேட்டுக்கும் சம்பந்தம் இல்லை, அதனால்தான் 448லும் மாறவில்லை. என்கோடரில் "டயலாக் நார்மலைசேஷன்" என்ற அமைப்பு இருக்கும். பெரும்பாலும் அது -27ல் நிற்கும். அதைப் படிக்கிற பிளேயர் ஒலியை 4 டெசிபல் இறக்கிவிடும். அதை -31 ஆக்குங்கள். பக்கத்திலேயே "டைனமிக் ரேஞ்ச் கம்ப்ரெஷன்" அல்லது "ஃபிலிம் ஸ்டாண்டர்ட்" என்று இருப்பதை "நன்" என்று மாற்றுங்கள். இப்போது பிசிஎம்மில் எவ்வளவு சத்தமோ அவ்வளவு வரும். பிட்ரேட்டை 192க்கே இறக்கிக்கொள்ளலாம்.