அட்டை தொலைந்தது, தழும்பு மட்டும் இருக்கிறது

கேள்வி: என் மகனுக்கு ஐந்து வயது ஆகப்போகிறது. பள்ளியில் சேர்க்கத் தடுப்பூசி அட்டை கேட்கிறார்கள். வீடு மாறியபோது அது எங்கோ போய்விட்டது. ஒன்றரை வயதுவரை எல்லாம் போட்ட ஞாபகம். அதன்பிறகு போகவே இல்லை. "கையில்தான் தழும்பு இருக்கே, தெரிந்த டாக்டரிடம் ஒரு சான்றிதழ் வாங்கிக் கொடுத்துவிடலாம்" என்கிறார் கணவர். முதலிலிருந்து எல்லா ஊசியும் போட வேண்டியிருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: சகோதரி, முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். வழக்கமான தடுப்பூசிகளில் பாதியில் நின்றுபோனதை எங்கே விட்டோமோ அங்கிருந்து தொடரலாம். இரண்டு தவணைகளுக்கு நடுவே இடைவெளி குறையக் கூடாதே தவிர, கூடிப்போனதால் முன்பு போட்டது வீணாவதில்லை. ஆனால் எங்கே விட்டோம் என்பதற்கு எழுத்தில் ஏதாவது வேண்டும். 'போட்ட ஞாபகம்' என்பதை டாக்டர் கணக்கில் எடுக்க மாட்டார், எடுக்கவும் கூடாது.

அதனால் இன்றே தேட ஆரம்பியுங்கள். ஊசி போட்ட இடத்தில் பதிவேடு இருக்கும். மகனின் பெயர், பிறந்த தேதியைச் சொல்லிக் கேளுங்கள். மழலையர் பள்ளியில் சேர்த்திருந்தால் அங்கே நகல் கொடுத்திருப்பீர்கள். பழைய போனில் அட்டையைப் படம் எடுத்து யாருக்காவது அனுப்பியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். மங்கலான படமாக இருந்தாலும் தேதி தெரிந்தால் போதும்.

அந்தத் தழும்பு விஷயம். இடது தோளுக்குக் கீழே சின்னப் பள்ளமாகத் தெரிகிறதே, அது பெரும்பாலும் பிறந்தவுடன் போட்ட காசநோய்த் தடுப்பூசியின் அடையாளம். தட்டம்மைக்கோ கக்குவான் இருமலுக்கோ இளம்பிள்ளை வாதத்துக்கோ அது சாட்சி சொல்லாது.

இனி சான்றிதழ். உங்கள் கணவருக்கு இந்தப் பகுதியைப் படித்துக் காட்டுங்கள். தட்டம்மை வந்த ஒரு குழந்தை இருமிவிட்டு வகுப்பறையை விட்டுப் போன பிறகும் அந்தக் கிருமி இரண்டு மணி நேரம்வரை காற்றில் இருக்கும். பாதுகாப்பில்லாதவர்கள் நடுவே ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குத் தொற்றும். நூற்றுக்கு 95 பேருக்காவது பாதுகாப்பு இருந்தால்தான் அது பரவாமல் நிற்கும். அப்படி ஒரு நோய் தலைகாட்டும்போது, யாரை வீட்டில் இருக்கச் சொல்ல வேண்டும் என்று பள்ளி இந்தத் தாள்களை வைத்துத்தான் முடிவு செய்யும். பொய்யான சான்றிதழ் இருந்தால் உங்கள் மகன் பெயர் பாதுகாப்பான பிள்ளைகளின் பட்டியலில் இருக்கும், உடம்பில் பாதுகாப்பு இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. ஆபத்து உள்ள நாளில் அவனை நீங்களே பையை மாட்டி அனுப்பிவைப்பீர்கள். அதே வகுப்பில் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் ஒரு பிள்ளை இருக்கலாம். அந்தப் பிள்ளைக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போடவே முடியாது. பக்கத்தில் உட்காருகிறவனின் ஊசிதான் அதற்குக் காவல்.

சரி, எவ்வளவு தேடியும் பதிவு கிடைக்கவில்லை என்றால்? போடாததாக வைத்துக்கொண்டு மறுபடி போடுவார்கள். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான ஊசியை ஏற்கெனவே போட்டிருந்து இன்னொரு முறை போட்டாலும் கெடுதல் இல்லை. ரண ஜன்னி ஊசி மட்டும் அளவுக்கு மீறினால் கை நன்றாக வீங்கி வலிக்கலாம். அதற்கு ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கவும் வழி உண்டு, டாக்டரிடம் கேளுங்கள். தட்டம்மை ஊசி ஒரு தவணை போட்டால் நூற்றில் 93 பேருக்குப் பாதுகாப்பு, இரண்டு போட்டால் 97. இரண்டாவது தவணையை எந்த வயதில் போடுவது என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஆகவே உங்கள் மகனுக்கு அது விட்டுப்போயிருக்க வாய்ப்பு உண்டு. நான்கிலிருந்து ஆறு வயதுக்குள் பல நாடுகளில் போடும் பூஸ்டரும், அதாவது முன்பு போட்டதற்குப் பலம் கூட்டும் ஊசியும், பாக்கி.

சில தவணைகளுக்கு நடுவே குறைந்தது நான்கு வாரம் வேண்டும் என்பதால் சேர்க்கைக்கு முந்தைய வாரம் ஓடாதீர்கள். லேசான சளி, மூக்கொழுகல் இருந்தால் தள்ளிப்போட வேண்டாம். முன்பு ஏதாவது ஊசி போட்டதும் மூச்சுத் திணறலோ உடம்பெல்லாம் தடிப்போ வந்திருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள்.

போன கையோடு கண்ணும் காதும் பரிசோதித்துவிடுங்கள். தலையைச் சாய்த்துப் பார்க்கிறானா, கூப்பிட்டால் "என்ன?" "என்ன?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறானா, கவனியுங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளையைத்தான் நாம் பல நேரம் 'கவனமில்லாதவன்' என்று திட்டுகிறோம்.

அப்புறம், "வலிக்கவே வலிக்காது" என்று சொல்லி அழைத்துப் போகாதீர்கள். சுருக்கென்று குத்தும், பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும் என்று உள்ளதைச் சொல்லுங்கள். படுக்கவைத்து அமுக்கிப் பிடிக்காமல் மடியில் உட்காரவைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். ஒன்று, இரண்டு என்று அவனோடு சேர்ந்து நீங்களும் எண்ணுங்கள்.