எல்லா டெஸ்டும் எடுத்தால் நோய் தெரிந்துவிடுமா?

வணக்கம் டாக்டர்,

என் அம்மாவுக்கு 58 வயது. போன மார்கழியில் வந்த காய்ச்சல் 11 நாள் விடவில்லை. முதலில் பார்த்த இடத்தில் டைபாய்டு என்று ஊசி போட்டார்கள். அடுத்த இடத்தில் பிளேட்லெட் குறைவு, டெங்குவாக இருக்கும் என்று படுக்கவைத்து குளுக்கோஸ் ஏற்றினார்கள். ரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் ஆயிற்று. மூன்றாவதாகப் பார்த்த டாக்டரம்மா எங்களை வெளியே அனுப்பிவிட்டு அம்மாவை முழுக்கப் பரிசோதித்தார். பாவாடை நாடா கட்டுகிற இடத்தில் ஒரு சின்னக் கறுப்புப் புண் இருந்ததாம். ஸ்கரப் டைபஸ் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார், இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கிவிட்டது. முதல் நாளே எல்லா டெஸ்டையும் ஒரேயடியாக எடுத்திருந்தால் இந்த அலைச்சல் இருந்திருக்காதே? ஏன் அப்படிச் செய்வதில்லை?

எஸ்., போளூர்

அன்புள்ள எஸ்.,

அம்மா தேறிவிட்டார் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. ஆனால் எல்லா டெஸ்டும் எடுத்திருந்தால் குழப்பம் கூடியிருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

டைபாய்டு என்று சொன்னது அநேகமாக விடால் டெஸ்டை வைத்து இருக்கும். அது கிருமியைத் தேடுகிற சோதனை இல்லை, கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்புப் பொருளைத் தேடுவது. நம் ஊரில் பலருக்கு அது முன்பே கொஞ்சம் இருக்கும், அதனால் ஒரே ஒருமுறை எடுத்த விடாலை நம்பி முடிவுகட்டக் கூடாது. பிளேட்லெட்டும் அப்படித்தான், டெங்குவில் குறையும், மலேரியாவில் குறையும், எலிக்காய்ச்சலில் குறையும், ஸ்கரப் டைபஸிலும் குறையும். டெங்குக் காய்ச்சல் பொதுவாக ஒரு வாரத்துக்குள் இறங்கிவிடும், பத்து நாள் தாண்டியும் கொதிக்கிறது என்றால் வேறு ஏதோ இருக்கிறது என்று அந்த ஒரு தகவலே சொல்லிவிடுகிறது, அதை எந்த லேபும் தராது, வீட்டில் இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும், டாக்டரும் கேட்க வேண்டும்.

இங்கிலாந்தில் 1975-இல் வெளியான ஒரு ஆய்வு உண்டு. மருத்துவப் பிரிவுக்குப் புதிதாக வந்த 80 வெளிநோயாளிகளில் 66 பேருக்கு, அவர்கள் கொண்டுவந்த கடிதத்தையும் அவர்கள் வாயால் சொன்னதையும் வைத்தே சரியான நோய் பிடிபட்டுவிட்டது. உடம்பைத் தொட்டுப் பார்த்ததால் முடிவு மாறியது 7 பேருக்கு, டெஸ்டுகளால் மாறியதும் 7 பேருக்குத்தான். 1992-இல் அமெரிக்காவிலும் இதேபோல 80 பேரைப் பார்த்தார்கள், 61 பேருக்குக் கேட்டதிலேயே தெரிந்துவிட்டது. உங்கள் அம்மா, தொட்டுப் பார்த்தால் தெரிகிற கூட்டத்தைச் சேர்ந்தவர்.

அந்தப் புண்ணைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன், இதைப் படிக்கிற யாருக்காவது உதவும். புல், புதர்களில் இருக்கும் ஒருவகைச் சிற்றுண்ணியின் குஞ்சு கடிப்பதால் ஸ்கரப் டைபஸ் வருகிறது. கடித்த இடம் சிகரெட்டால் சுட்டதுபோலக் கறுத்துப் பொருக்குக் கட்டும், ஆனால் வலிக்காது, அரிக்காது. அம்மாவுக்கே தெரியாமல் போனதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அக்குள், தொடையிடுக்கு, மார்பகத்தின் அடி, இடுப்பில் துணி இறுக்குகிற இடம் என்று மறைவாகத்தான் இருக்கும், ஈரமான இடமென்றால் கறுக்காமல் வெளிறிய சின்னப் புண்ணாகவே நின்றுவிடும். எல்லோருக்கும் புண் இருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும், புண் இல்லை என்பதால் அந்த நோய் இல்லை என்று ஆகிவிடாது, அப்போதுதான் ஐஜிஎம் எலிசா போன்ற ரத்தப் பரிசோதனை கைகொடுக்கும்.

முதல் இருவர் ஏன் பார்க்கவில்லை? சாயங்காலக் கூட்டத்தில், திரைகூட இல்லாத அறையில், ஒரு பெண்ணின் இடுப்பை யார் விலக்கிப் பார்ப்பது? அம்மாவும் சம்மதித்திருக்க மாட்டார். இதைக்கூட என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் சீட்டில் டைபாய்டு என்று ஒருமுறை எழுதிவிட்டால் அடுத்து வருகிற எல்லோரும் அதிலிருந்தே யோசிக்கத் தொடங்குவது எனக்குக் கோபம் வரவைக்கிற பழக்கம். டைபாய்டுக்கு வழக்கமாகப் போடுகிற செஃப்ட்ரியாக்சோன் ஊசி ஸ்கரப் டைபஸில் வேலை செய்யாது, டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் அடங்கும். ஊசிக்கு அசையவில்லை என்றபோதே பழைய சீட்டை ஓரமாக வைத்துவிட்டு, முதல் நாளில் என்ன நடந்தது என்று மறுபடி கேட்டிருக்க வேண்டும்.

நீங்களும் டாக்டரிடம் போகும்போது ரிப்போர்ட் கட்டை நீட்டுவதற்கு முன்னால் நாள்வாரியாகக் கதையைச் சொல்லுங்கள், எப்போது தொடங்கியது, எந்த மாத்திரை எத்தனை நாள், நாட்டு மருந்து ஏதும் சாப்பிட்டாரா, காட்டுப் பக்கம் போனாரா என்று. பெண்களுக்கு ஒரு நர்ஸை உடன் வைத்துத் தனியாகப் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்கலாம், அதில் கூச்சமே வேண்டாம்.

அப்புறம், அம்மா மாட்டுக்குப் புல் அறுக்கப் போகிறவரா? அப்படியென்றால் கை, கால் மூடிப் போகச் சொல்லுங்கள், வந்ததும் துணியை மாற்றிவிட்டுத் தேய்த்துக் குளிக்கட்டும். ஸ்கரப் டைபஸ் ஒருமுறை வந்தால் இனி வராது என்பது இல்லை, தடுப்பூசியும் இதுவரை கிடையாது.