சவ்வுகளுக்கு நடுவே எத்தனை நானோமீட்டர்?

கேள்வி: தொடக்கக் கல்லூரியில் உயிரியல் பயிலும் என் மகளின் பாடக்குறிப்பில், நரம்பணுக்கள் சந்திக்கும் இடத்தில் உள்ள பிளவு ஏறத்தாழ 20 நானோமீட்டர் என்று இருக்கிறது. இவ்வளவு நுண்ணிய இடைவெளியைப் படத்தை வைத்து எப்படி அளக்கிறார்கள்?
- வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: கல்லூரி ஆய்வுக்கூடத்தின் சாதாரண ஒளி நுண்ணோக்கியால் இது இயலாது, ஏறத்தாழ 200 நானோமீட்டரைவிட நெருங்கியிருக்கும் இரண்டு பொருள்களை அது ஒன்றாகவே காட்டும். ஆகவே திசுவைப் பதப்படுத்திப் பிசினில் பதித்து, சுமார் 60 நானோமீட்டர் தடிமனுள்ள சீவல்களாக வெட்டி, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுக்கிறார்கள். பிளவின் இருபுறமும் உள்ள நரம்பணுக்களின் சவ்வுகள், கன உலோகச் சாயம் ஏறியதால் கருங்கோடுகளாகத் தெரியும்.

ஒரு படப்புள்ளி அரை நானோமீட்டர் என்று கொண்டால், உங்கள் மகள் படித்த பிளவு 40 புள்ளிகளில் அடங்கிவிடும். இமேஜ்ஜே போன்ற இலவச மென்பொருளில் சவ்வுகளுக்குச் செங்குத்தாக ஒரு கோடு இழுத்தால், அதன் வழியே கருமை ஏறி இறங்குவது வரைபடமாக வரும். இரு முகடுகளுக்கு இடையிலான தொலைவை அளக்கலாம். ஆனால் முகடு என்பது சவ்வின் நடுப்பகுதி. சவ்வின் தடிமனே சுமார் 7 நானோமீட்டர் என்பதால், விளிம்புக்கு விளிம்பு 20 ஆக இருப்பது நடுவுக்கு நடு 27 ஆகிவிடும். எதிலிருந்து எதுவரை அளந்தார்கள் என்று சொல்லாத எண்ணை நான் நம்புவதில்லை.

கோட்டை எங்கே இழுப்பது என்பதும் சிக்கல்தான். தெளிவாகத் தெரியும் இடத்தையே கை தேடிப் போகும். எனவே இரு சவ்வுகளையும் முழுமையாக வரைந்து, ஒன்றின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் மற்றதன் மிக அருகிலுள்ள புள்ளிக்கான தொலைவைக் கணினியைக் கொண்டு கணக்கிடுவது மேலானது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய தொல்லை வெட்டுக்கோணம். குவே லாப்பிஸ் என்னும் அடுக்குப் பலகாரத்தைச் சாய்வாக வெட்டினால் அடுக்குகள் தடித்துத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். நேர்வெட்டிலிருந்து 60 பாகை சாய்ந்தால் தடிமன் இரு மடங்காகத் தோன்றும். திசுச் சீவலில் நிலைமை இன்னும் மோசம். சீவலின் முழுத் தடிமனும் ஒரே படத்தில் நிழலாக விழுவதால், சவ்வுகள் ஏறத்தாழ 20 பாகை சாய்ந்திருந்தாலே அவற்றின் நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, 20 நானோமீட்டர் பிளவு மறைந்துபோகும். அதனால் இரு சவ்வுகளும் கூர்மையாகத் தெரியும் பகுதிகளை மட்டுமே அளவீட்டுக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

பதப்படுத்தும்போது நீரை அகற்றுவதால் திசு சுருங்குவதும் உண்டு. மிகுந்த அழுத்தத்தில் நொடிக்கும் குறைவான நேரத்தில் உறையவைக்கும் முறையில் இந்தச் சுருக்கம் குறைவு.